கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அரளிப்பூச்சி

என் அலமாரியில், பழைய வேட்டிகளுக்கு அடியில், கண்ணாடி மூடி போட்ட சின்ன மரப்பெட்டி ஒன்று கிடக்கிறது. சவூதியில் யான்புவை விட்டு நான் கிளம்பிய அன்று எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் கொடுத்தது. அப்போது அதற்குள் பச்சையும் வெளிர்சிவப்புமாய்ச் சிறகு விரித்த ஓர் அந்துப்பூச்சி இருந்தது, முதுகில் ஊசி குத்தி. அந்த ஆளை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

இரண்டாயிரங்களின் நடுவில் கம்பெனிக் குடியிருப்பு அலுவலகத்தில் நான் கிளார்க். மேனேஜரின் வில்லா அதே வளாகத்தில்தான் இருந்தது. அவருக்கு அந்துப்பூச்சி பிடிக்கும் பைத்தியம். தோட்டத்தில் ஒரு பெட்டி, அதன்மேல் கண்ணைப் பறிக்கும் பல்பு, உள்ளே முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வந்த பூச்சிகள் அட்டைக் குழிகளில் ஒடுங்கிக் கிடக்கும். காலையில் டீக் கோப்பையோடு வந்து, ஒவ்வோர் அட்டையாக எடுத்து, ஒரு தடித்த புத்தகத்தோடு ஒப்பிடுவார். அதுவோ இங்கிலாந்துத் தோட்டங்களுக்கு வரும் பூச்சிகளைப் பற்றிய புத்தகம்! பாலைவனத்துப் பூச்சியாக இருந்தாலும், அதில் ஒன்றோடு பொருத்திப் பெயர் வைக்காமல் விடமாட்டார். எங்களில் ஒருவனையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோரும் ‘மை ஃப்ரெண்ட்’தான்.

என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, அங்கே தோட்ட வேலை பார்த்தார். விசா எடுத்துக் கொடுத்தவன் நான். வாசலிலிருந்து இருபுறமும் ஓடும் அரளி வேலி அவர் பொறுப்பு. ஒருநாள் அதில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழுக்கள். அவர் மருந்து கலக்கிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் புத்தகமும் கையுமாக ஓடிவந்தார். அந்தப் புழுவிலிருந்து வரும் அந்துப்பூச்சி, தெற்கிலிருந்து எப்போதாவது வழிதவறி அவர் நாட்டுக்குப் போகும் அபூர்வ விருந்தாளியாம். சிறுவயது முதல் அதைப் பார்க்கத் தவம் கிடந்தாராம். எங்களுக்கோ அது அரளிக்கு வரும் சனியன். புழுக்கள் கூட்டுப்புழுவாகும்வரை ஒரு சொட்டு மருந்து படக்கூடாது என்றார். நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“மச்சான், ரெண்டு வாரத்துல வேலிய மொட்டையாக்கிரும். எனக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். அவர எழுதிக் குடுக்கச் சொல்லு” என்றார் மாப்பிள்ளை.

கேட்டேன். என் தோளில் தட்டி, தன் வார்த்தை போதும் என்று சிரித்தார் அந்த மனிதர்.

மாப்பிள்ளை சொன்னபடியே ஆனது. கம்பெனி முதலாளி பார்வையிட வந்த நாளில், அவர் கார் வெறும் குச்சிகளுக்கு நடுவே நுழைந்தது. வேலையாட்களை மேய்க்கும் கேம்ப் பாஸ் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கத்தினான். மேனேஜர் உத்தரவு என்று அடித்துச் சொன்னேன். எங்கள் எதிரிலேயே வில்லாவுக்குப் போன் போட்டான். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது: பூச்சிகள் தனக்குப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம், தோட்டக்காரர்களுக்குத் தான் உத்தரவு போடுவதில்லை.

“கலாஸ்”, முடிந்தது கதை என்று போனை வைத்தான் கேம்ப் பாஸ். மாப்பிள்ளையின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. ஊருக்குக் கிளம்பிய நாளில், வண்டியில் தன் பெட்டியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: “அந்தாளு பூச்சி வெளிய வந்துருச்சா மச்சான்?”

மேனேஜர் வில்லாவில் எடுத்து வைத்திருந்த கூட்டுப்புழுவிலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்தது. வந்ததும் அதைச் சீசாவில் போட்டுக் கொன்று ஊசியில் குத்திவிட்டார்.

பின்னாளில் நான் கிளம்பும்போது என்னிடம் கொடுத்தது அதே பூச்சியைத்தான்; பெட்டிக்குள், அதற்கு அடியில், ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பூச்சியின் பெயர், ஊர்ப் பெயர், பிடித்தவர் என்று தன் பெயர். நாப்தலின் உருண்டையை மறக்காமல் மாற்றும்படி அக்கறையாகச் சொன்னார். இல்லாவிட்டால் சிற்றுயிர்கள் தின்றுவிடுமாம். ஒரு தடவைகூட நான் உருண்டை போடவில்லை.

இன்று எடுத்துப் பார்த்தேன். சிறகும் உடலும் பொடியாய் உதிர்ந்து, ஊசி மட்டும் நிற்கிறது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காகிதத்தில் மட்டும் இன்னும் எழுத்து அழியவில்லை. அந்த ஆள் பெயரையும் பூச்சி தின்னட்டும் என்று, மூடியைச் சரியாகச் சாத்தாமல் வைத்தேன்.