உரியாத மேஸ்திரி

என் அப்பா அடித்த பெயின்ட் உரியாது. அதை அவரே பத்து பேரிடம் சொல்லக்கூடியவர்தான் என்றாலும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெருவில் யாராவது சொல்லிவிடுவார்கள். உரியாத மேஸ்திரி என்றுதான் அவரை எல்லோருக்கும் தெரியும். நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் வீட்டுக்கு வழி கிடைக்காது.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய பெயின்டை உப்புத்தாள் வைத்து நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் அவர் புதுசு அடிக்க மாட்டார், அவ்வளவுதான். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எங்காவது வழவழவென்று தட்டுப்பட்டால் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். கூட வேலை செய்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே தேய்ப்பார்கள். சுருட்டை என்று ஒருவர், கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரைத் தேய்க்காமல் விட்டுவிட்டு, "கதவைத் திறந்து வச்சா இது யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அவரை மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவிடாமல் வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தால் மேசையைத் தடவுவார். என் வீட்டுக்காரர் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா அவரிடம் வேலை என்ன, படிப்பு என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "உங்க வீட்ல கடைசியா எப்ப பெயின்ட் அடிச்சீங்க? தேய்ச்சு அடிச்சாங்களா?" என்று கேட்டார். மனிதர் விழித்த விழி எனக்கு இன்னும் மறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் அப்பா வீட்டிலேயேதான் இருக்கிறோம்.

இன்னொரு கொள்கையும் உண்டு. பெரிய கட்டடம் எதையும் அப்பா ஏற்றுக்கொள்ள மாட்டார். தரைத்தளம், மிஞ்சினால் ஒரு மாடி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று யார் வந்து கூப்பிட்டாலும், "பெரிய வேலையில சுத்தம் இருக்காது, நமக்கு வேண்டாம்" என்பார். நானும் தம்பியும் அதைக் கேட்டு வளர்ந்து, எங்கள் அப்பாவுக்கு ஆசையே கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு வண்ணம் கலக்கிக் கொடுப்பது அம்மா. அவர் மட்டும் அந்தப் பேச்சு வரும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

நான் ஒரு பெண் எஞ்சினியரிடம் வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர், அதட்டலில் ரொம்பப் பெரியவர். கடைத்தெரு நடுவில் இருக்கும் பழைய தியேட்டரைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துணி வியாபாரி நாடகம் போடுவதற்காகக் கட்டியது அது. மூன்று பக்கமும் பால்கனி மாதிரி மாடம், எண்ணூறு இருக்கை, நாலு யானை நிற்கலாம் என்கிற மாதிரி மேடை. பிறகு சினிமா வந்தது. சினிமாவும் படுத்தபின் பன்னிரண்டு வருஷம் பிளாஸ்டிக் நாற்காலி குடோனாக இருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்த முதல் நாள் மேடை முழுக்கச் சிவப்பு நாற்காலி, அடுக்கடுக்காக, கூரை தொடும் அளவுக்கு. அவற்றை வெளியேற்றவே எட்டு நாள் ஆனது.

திறப்பு விழாவின்போது எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தது. கறுப்பு வெள்ளை. அதில் கூரை பாதிதான் தெரிகிறது. ஆனால் அந்தப் பாதியிலேயே ஒரு வானம் இருந்தது. மேகம், மேகத்துக்கு நடுவே நூற்றுக்கணக்கில் பறவைகள், எல்லாம் நடு விளக்கைச் சுற்றிப் பறக்கின்றன. எஞ்சினியர் அந்தப் போட்டோவை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் இப்போது கூரை வெறும் வெள்ளை. அதுவும் மேலே மேலே பல முறை அடித்த தடித்த வெள்ளை.

இரண்டு இடத்தில் சுரண்டிப் பார்த்தார். இரண்டும் மழைநீர் கசிந்து புதுப்பூச்சு பூசிய மூலைகள், அது அப்போது எங்களுக்குத் தெரியாது. அடியில் வெறும் சிமென்ட்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஒரு வியாழக்கிழமை, மேனேஜர் அறை பீரோவிலிருந்து பழைய வேலைக் குறிப்பு நோட்டு ஒன்று அகப்பட்டது. முப்பத்துநாலு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: "கூரைப் படத்தை உப்புத்தாளால் முழுவதும் தேய்த்து எடுத்தாயிற்று. அதன் மேல் வெள்ளை இரண்டு கோட்."

எஞ்சினியர் நோட்டை மூடினார். "அவ்வளவுதான். படம் போயிடுச்சு. திங்கக்கிழமை காலைல கூரையில துளை போட ஆரம்பிக்கச் சொல்லுங்க. முழுக்க ஃபால்ஸ் சீலிங் போட்டுடலாம்."

நான் அந்த நோட்டை மறுபடி திறந்து பார்த்தேன். குறிப்புக்குக் கீழே ஒரு கையெழுத்து, கடைசி எழுத்திலிருந்து வால் ஒன்று பக்கத்தின் ஓரம் வரைக்கும் நீண்டிருந்தது. என்னுடைய பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை ஒவ்வொன்றிலும் இருந்த வால்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போகாததுமாகக் கேட்டேன். "அப்பா, அந்தப் பெரிய தியேட்டர் கூரைக்கு நீங்களா பெயின்ட் அடிச்சீங்க? சொல்லவே இல்லையே!"

அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறவரை நான் பார்த்ததில்லை.

"அடிச்சேன். அதுக்கென்ன?"

"அங்க ஒரு படம் இருந்துச்சாமே. தேய்ச்சு எடுத்துட்டீங்களா?"

"தேய்க்காம எப்பம்மா அடிச்சிருக்கேன்?" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

விஷயத்தைச் சொன்னது அம்மா, அடுப்படியில், குரலைத் தணித்துக்கொண்டு. "அந்த வேலைக்கு நாப்பது தாள் உப்புத்தாள் கொடுத்தாங்க. நாப்பதும் அப்படியே வீட்டுக்கு வந்துச்சு. நீ கைக்குழந்தை. உனக்கு அஞ்சு வயசு ஆகுற வரைக்கும் நான் அதை வச்சுத்தான் இரும்புச் சட்டியைத் தேய்ச்சேன்."

அப்பா தேய்க்கவில்லை! அப்படியானால் வானமும் பறவைகளும் அந்த வெள்ளைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. திங்கட்கிழமை அதில்தான் துளை போடப்போகிறார்கள்.

"அம்மா, நான் நாளைக்கே எஞ்சினியர்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாத," என்றார் அம்மா. "அந்த மனுஷன் காலம் பூரா சேர்த்து வச்சது ஒரே ஒரு பேரு. அதை நீயோ நானோ உடைக்கக் கூடாது. அவரே சொல்லட்டும்."

"சொல்லலைன்னா?"

அம்மா அடுப்பைத் தணித்தார். "திங்கக்கிழமை காலைல நான் சொல்றேன். அதுவரைக்கும் விடு."

அப்படிப்பட்ட வெள்ளியும் சனியும் ஞாயிறும் எதிரிக்குக்கூட வரக் கூடாது. அப்பா ஒரே செய்தித்தாளை மூன்று நாள் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை முகச்சவரம் செய்துகொண்டார். நான் வேண்டுமென்றே சத்தமாக, "நாளைக்கு ஒன்பது மணிக்குத் துளை போடறாங்க" என்று தம்பிக்குப் போனில் சொன்னேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெயருக்காக இவ்வளவு பெரிய வானத்தையா பலி கொடுப்பது என்று மனசுக்குள் திட்டினேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம்.

தியேட்டருக்குள் சாரம் கூரை வரைக்கும் எழும்பியிருந்தது. மேலே இருவர் துளை போடும் எந்திரத்தோடு தயாராக இருந்தார்கள். கீழே பெயின்டர்கள் ஏழெட்டு பேர் மாடத்துச் சுவர்களுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைக் கண்டதும், "மேஸ்திரி வந்துட்டாரு, ஒழுங்காத் தேயுங்கப்பா!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் சுருட்டையும் இருந்தார். முடி நரைத்திருந்தது, சுருள் மட்டும் போகவில்லை.

அப்பா நேரே எஞ்சினியரிடம் போனார். "மேடம், அந்த மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. படம் அப்படியே இருக்கு. நான் தேய்க்கல."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். "எங்கப்பா," என்றேன். அவர் நோட்டை எடுத்து விரித்துக் காட்டினார். "தேய்த்து எடுத்தாயிற்றுன்னு எழுதி, கையெழுத்தும் இருக்கேங்க."

"கையெழுத்து என்னோடதுதான். எழுதினது பொய்."

பெயின்டர்களின் கை நின்றுவிட்டது. சுருட்டைதான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணே, இதே காரியத்துக்குத்தானே என்னைச் சாப்பிடக்கூட விடாம வீட்டுக்கு அனுப்பினீங்க?"

"ஆமா," என்றார் அப்பா. "இப்பவும் அனுப்புவேன். தரையில நின்னு தேய்க்கிறதுக்கு உனக்கு என்ன வந்துச்சு?"

எஞ்சினியர், "எந்த இடத்துல பார்க்கலாம்? வந்து காட்டுங்க" என்று சாரத்தின் படியைக் காட்டினார். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நல்ல இரும்புப் படி. அப்பா ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது படியில் நின்றுவிட்டார். இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முதுகு நடுங்குவது கீழே நின்ற எங்களுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம்தான், சின்ன வயதிலிருந்து நாங்கள் பெருமையடித்துக்கொண்டிருந்த அந்தக் கொள்கை என்னவென்று எனக்குப் புரிந்தது.

அம்மா போய் அவர் முதுகில் கை வைத்தார். "இறங்குங்க. போதும்."

அப்பா இறங்கவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பெயின்ட் அடிக்க ஒரு கை போதும். தேய்க்கணும்னா ரெண்டு கையாலயும் அழுத்தணும். அவ்வளவு உயரத்துல என்னால கம்பியை விட முடியல. ஒன்பது நாள். ஒரு கையால கம்பி, ஒரு கையால பிரஷ். பயம். வேற ஒண்ணும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

பிறகு நான் ஏறினேன். அப்பா நாலாவது படியிலிருந்தே வழி சொன்னார். "மூலைக்குப் போகாத, அங்க தண்ணி இறங்கியிருக்கும். நடு விளக்குக் கொக்கி தெரியுதா? அதுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம். தகடால கீறாத. ஓரத்தைக் கொஞ்சமா கிளப்பி, கையால இழு."

நான் நகத்தால் கிளப்பி, இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். பின்னால் வந்தவர்கள் அடித்த கோட்டெல்லாம் சேர்ந்து தடித்துப்போயிருந்த அந்த வெள்ளை, ஒரு தோள்துண்டு அகலத்துக்கு, முழுசாக, சத்தமில்லாமல் உரிந்து வந்தது. உள்ளே நீலம். நீலத்தில் ஒரு பறவையின் இறக்கையும் பாதி வயிறும். பளபளவென்று, நேற்றுத்தான் வரைந்த மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உரியுதா?" என்று கீழேயிருந்து அப்பாவின் குரல்.

"உரியுதுப்பா! அழகா உரியுது!"

பெயின்டர்கள் கை தட்டினார்கள். உரியாத மேஸ்திரியின் பெயின்ட் உரிந்ததற்குக் கை தட்டல் என்றால் வேடிக்கைதான். எஞ்சினியர் பாதிப் படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அதட்டுகிறவர்கள் அழுதால் நமக்கு என்ன செய்வதென்று தெரியாது. நான் அந்தத் தோலைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன்.

முழுக் கூரையையும் உரிக்க ஏழு மாதம் ஆனது. அப்பா தினமும் அம்மாவோடு வந்தார். மேலே போகவில்லை. மாடத்துக்கு அடியில், தரையில் நின்றாலே எட்டும் வளைவுகளிலும் படம் தொடர்ந்தது, அதையெல்லாம் அவர் உரித்தார். மேலே இருந்தவர்கள் பக்கெட்டில் இறக்கிய தோலைத் தடவிப் பார்த்து, எந்தக் கோட் யாருடையது என்று அம்மாவோடு தர்க்கம் செய்தார். ஏழு மாதத்தில் அவர் நாலு கிலோ எடை கூடினார்.

திறப்பு விழா அன்று எண்ணூறு இருக்கையும் நிறைந்திருந்தது. எஞ்சினியர் மேடையில் பேசினார். நல்லவர், ஆனால் மைக்கைப் பிடித்தால் கொஞ்சம் பூசி மெழுகுவார். "இந்த ஓவியத்தின் அருமை தெரிந்த ஒரு பெயின்டர், அதை அழிக்க மனம் வராமல் காப்பாற்றி வைத்திருந்தார்" என்று சொல்லி எங்கள் வரிசையைக் காட்டினார். கூட்டம் திரும்பியது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், பழைய பெயருக்குப் பதில் அதைவிடப் பெரிய பெயர் ஒன்று கிடைத்திருக்கும்.

அப்பா எழுந்து நின்றார். "இல்லம்மா," என்றார், மைக் இல்லாமலே. "அருமை எல்லாம் தெரியாது. நான் அந்தப் படத்தை அன்னைக்குப் பார்க்கவே இல்ல. கம்பியைத்தான் பார்த்துட்டு இருந்தேன். பயந்துபோய்த் தேய்க்காம விட்டேன், அவ்வளவுதான்."

அரங்கமே வெடித்துச் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை அது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அப்பாவை எனக்கு எப்போதும் பிடிக்கும், ஆனால் அன்றைக்கு அவரைப் பிடித்த மாதிரி அதற்கு முன் பிடித்ததில்லை.

அவர் உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் குனிந்து அவர் தோளைத் தொட்டார். "மேஸ்திரி, எங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும். நீங்களே வந்து பண்ணித் தரணும்."

அப்பா திரும்பி அவரை நன்றாகப் பார்த்தார்.

"எத்தனை மாடி?" என்று கேட்டார்.