ஐந்தாவது நிமிட ஓட்டு

போன செவ்வாய்க்கிழமை பரிமளா மட்டாஞ்சேரியில் இருக்கும் என் மிக்ஸி ரிப்பேர் கடைக்கு வந்தார். சரிசெய்து வைத்த மிக்ஸியைக் கையில் எடுக்கவில்லை. நின்றார்.

“அண்ணா, என் கதையை வாயிச்சீங்களா?”

“வாசிக்காமலா? இந்த வாரத்தின் சிறந்த பதிவுன்னு அறிவிச்சதே நான்தானே.”

“எங்க முடியுது?”

மேஜையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். பிளாக்செயின் சோஷியல் மீடியா ஒன்றில் கொச்சித் தமிழர்கள் பத்துப் பேர் குழுவாக எழுதுகிறோம். விழும் ஓட்டைப் பொறுத்து எழுதியவருக்கு டோக்கன்; விற்றால் காசு. ஓட்டுப் போட்டவருக்கும் ஒரு பங்கு உண்டு – முந்திப் போட்டால் கூடுதல். ரொம்பவும் முந்தினால் குறையுமாம். காக்கநாட்டில் ஐடி வேலை பார்க்கும் சசிதான் ஆராய்ந்து, ‘ஐந்தாவது நிமிடம்’ என்று எங்களைப் பழக்கியவர். யார் எழுதினாலும் ஐந்தாவது நிமிடம் ஓட்டுகள் பொத்தென்று விழும். கூடவே ‘அருமை’.

டோக்கன் அதிகம் வைத்திருப்பவரின் ஓட்டுக்கு எடையும் அதிகம். சசியுடையது நெய்மீன் என்றால் என்னுடையது நெத்திலி. இருந்தும், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என்னைத்தான் சிறந்த பதிவைத் தேர்ந்தெடுக்க வைத்தார்கள். ஏன்? யாரையும் பகைத்துக்கொள்ள எனக்குப் பயம் என்பது ஊருக்கே தெரியும்…

பரிமளா மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். குழுவில் சேர்ந்து இரண்டு மாதம். மலையாளம்தான் அவருக்குச் சரளமாக எழுத வரும். அதனால் போனிடம் தமிழில் பேசிப் பேசி, அது எழுத்தாக்கித் தருவதை எடுத்து ஒட்டிப் பதிவேற்றுவார். இந்தக் கதையில், அவர் பெருக்கும் தெருவில் பூட்டிக்கிடந்த மிளகு கோடவுனுக்குள் ஏதோ சத்தம். ‘ஷட்டரை மெல்லத் தூக்கிப் பார்த்தால்,’

அவ்வளவுதான். கமாவோடு நிற்கிறது. மீதிப் பாதியை ஒட்ட மறந்துவிட்டார்.

அதற்கு நான் எழுதிய பாராட்டு: ‘முடிவு மனதைத் தொட்டது.’

“ஒம்பது பேர்ல ஒருத்தர்கூட, பின்ன எந்தா ஆச்சுன்னு கேக்கல அண்ணா. ஓட்டு விழுந்தா வாயிச்சாங்கன்னு நெனச்சேன். நான் ஒரு மண்டி, மடச்சி. இனி எழுதறதா இல்ல.”

மிக்ஸியோடு போய்விட்டார். வரவழைத்த சாயாவைத் தொடக்கூட இல்லை.

சசிக்கு போன் போட்டேன்.

“விடுங்க சேட்டா. ரெண்டு நாள்ல வருவாங்க. நீங்க பாட்டுக்கு மன்னிப்புன்னு எழுதிடாதீங்க. பின்னால திருத்தலாம், ஆனா முதல்ல எழுதினது மாயாது, அழிக்கவே முடியாது. குழு மானம் போகும்.”

மாயாது! அடுப்பு கேஸை அடைத்தேனா என்று தோப்பும்படி ஜங்ஷன் வரை போனவன் திரும்பி வந்து பார்க்கிற ஜாதி நான். என்னிடமா இதைச் சொல்வது?

ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். எங்கள் குழுவில் கள்ள ஓட்டு கிடையாது. யார், எந்த நொடியில் போட்டார் என்று உலகமே பார்க்கலாம். எல்லாம் வெளிப்படை. படித்தாரா என்பதை மட்டும் எந்த டெக்னாலஜியும் குறித்து வைப்பதில்லை. அது தெரிந்துதான், படிக்காமலேயே பாராட்ட எனக்கு இவ்வளவு தைரியம் வந்திருக்கிறது.

ஆறு முறை அழித்து எழுதினேன். பரிமளாவின் கதையைப் படிக்காமலேயே தேர்ந்தெடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு நாலு பாரா. கண்ணை மூடிக்கொண்டு பதிவேற்றினேன்.

ஐந்தாவது நிமிடம், எட்டு ஓட்டு. ‘அருமை.’ ‘அருமை.’ சசி மட்டும் கொஞ்சம் நீளமாக – ‘அருமை சேட்டா, இதேபோல் தொடருங்கள்.’

பரிமளாவிடமிருந்து ஒன்றும் இல்லை. கடையில் ஒரு ஃபேனைத் திருப்பித் திருப்பிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தது:

‘முழுசும் வாயிச்சேன் அண்ணா. மன்னிப்பு கேக்கறது கடைசிப் பாராலதான் வருது. முதல் மூணும் உங்க பயத்தைப் பத்தி. அதைக் குறைச்சிருக்கலாம். பாக்கிக் கதையை நாளைக்குப் போடறேன்.’

அந்தத் தளத்தில் எனக்கு நூற்றுக்கணக்கில் ஓட்டு உண்டு. ஒரு வாசகரும் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.