தாம்பாளத்தில் அடங்காத கால்

எங்கள் ஊரில் என் உத்தியோகத்துக்குப் பெயர் கொசு வேலை. விலங்கியல் படித்துவிட்டு வில்லியனூர் பக்கம் ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தேன். நீளக் கைப்பிடி போட்ட அகப்பையால் சாக்கடைத் தண்ணீரை மொண்டு, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாகூர் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து பஸ் மாறிப் போவேன். "இன்னா கொசு, உள்ள போ" என்பார் கண்டக்டர். கோபம் வரும். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இப்போது வெளிநாடுகளுக்குப் போய், யானைக்கால் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கூட்டங்களில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் என் பட்டங்களில் ஆரம்பிப்பார்கள். பட்டமெல்லாம் பிறகு வந்தது. இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டது என் கல்யாண மேடையில்.

என் அம்மாவுக்கு இடது கால் யானைக்கால். நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. அந்தக் காலோடுதான் நாற்று நட்டாள், கரும்புத் தோட்டத்துக்குப் போனாள். புடவையைத் தரையைத் துடைக்கிற அளவுக்குத் தழையக் கட்டுவாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

ஒரு வருஷம் போனதும் என்னைச் சாக்கடையிலிருந்து யானைக்கால் நோயாளிகளுக்கான முகாமுக்கு மாற்றினார்கள். மாத்திரை கிருமியைத்தான் கொல்லும், நாள்பட்டு வீங்கின கால் பழையபடி ஆகாது. ஆனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் புண்ணும் காய்ச்சலும் குறையும். இதை நோயாளிகளுக்குச் செய்து காட்ட வேண்டும். முதல் முகாமுக்கு முந்தைய நாள் வீட்டுக் கூடத்தில் நின்று சத்தமாகப் பேசிப் பழகினேன். "விரல் இடுக்குல ஈரம் நிக்கக் கூடாது, அங்கதான் புண்ணு ஆரம்பிக்குது" என்று நான் சொல்லும்போது அம்மா சமையலறையில் மிக்சியைப் போட்டாள்.

அவள் காலைக் கழுவிவிடுகிறேன் என்று பல தடவை கேட்டுப் பார்த்தேன். பெற்ற பெண்ணிடம் காலை நீட்டும் அளவுக்குத் தனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று சொல்லி, குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். யார் யார் காலையோ மடியில் தூக்கி வைத்துக் கழுவுகிறேன், பெற்றவள் கால் மட்டும் தாழ்ப்பாளுக்குப் பின்னால்!

அப்புறம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வில்லியனூர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை, காபியைச் சித்திதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாப்பிள்ளையிடம் நானே சொல்லிவிட்டேன். அதனால் என்ன என்றார். தன் வீட்டில் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் பெண் தன் அப்பா, அம்மாவுக்குப் பாத பூஜை செய்வாள். இருவர் காலையும் தாம்பாளத்தில் வைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, மஞ்சள் குங்குமம் வைப்பது வழக்கம். அன்றைக்குத் தன் இடத்தில் சித்தியும் சித்தப்பாவும் உட்காரட்டும் என்றாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று கேட்டேன்.

"நாலு பேரு பாத்தா பரம்பரை வியாதிம்பாங்க. தாலி கட்டற நேரத்துல எழுந்து போய்ட்டாங்கன்னா இன்னாடி பண்ணுவ?"

இது பரம்பரையாக வருவதில்லை, கொசுவால் வருவது என்று சொன்னேன். முகாமில் சொல்வதைத்தான் சொன்னேன். முகாமில் எல்லோரும் ஆட்டுவது போலவே தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது. கடைசியில், நீ உட்காரவில்லை என்றால் நானும் மணையில் உட்கார மாட்டேன் என்றேன். மிரட்டல்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கல்யாணத்தன்று வரை அவள் என்னோடு பேசவில்லை.

ஆனால் வந்து உட்கார்ந்தாள். ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருக்கும் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குச் சுலபமாக முடிந்தது. அம்மாவின் வலது கால் தாம்பாளத்தில் அடங்கியது. இடது கால் அடங்கவில்லை. குதிகால் விளிம்பில் ஏறி, தட்டு சாய்ந்து, தண்ணீர் மேடையில் ஓடியது. பின்னால் யாரோ குசுகுசுத்தார்கள். அம்மா காலைப் புடவைக்குள் இழுக்க ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் தன் வீட்டு ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கறீங்க? சீர் வெச்சிருக்கற பெரிய தாம்பாளத்தக் கொட்டிட்டு எடுத்துக்கினு வாங்க."

தேங்காயும் வாழைப்பழமும் பாயில் கொட்டின. பெரிய தாம்பாளம் வந்தது. அவரே அதை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

நான் கழுவினேன். பிறந்ததிலிருந்து நான் தொடாத கால் அது. சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்ததில் கண் சரியாகத் தெரியவில்லை. நேரமாகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். துண்டால் துடைத்துவிட்டு மஞ்சளை எடுக்கக் கையை நீட்டினேன்.

அம்மா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"சுண்டுவிரல் இடுக்குல இன்னும் ஈரம் நிக்குதுடி. நல்லா தொடச்சி விடு."