மேடையில் ஒரு கோதுமை வயல்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் நீங்கள் கொத்துரொட்டி சாப்பிட்டிருந்தால் என் சித்தியின் கோதுமை வயலைப் பார்த்திருக்கக்கூடும். இரண்டு சாப்பாட்டுக் கடைச் சுவர்களில் இருக்கிறது. வானம், வயல், தூரத்தில் மின்கம்பிக் கோபுரங்கள், அவ்வளவுதான். மூலையில் பெயர் எழுதும் பழக்கம் சித்திக்கு இல்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கூட வருபவர்கள் நாற்காலியை இழுத்து உட்காருமுன்பே யார் வரைந்தது என்று சொல்லிவிடுவேன்.

இந்தப் பெருமை, நான் பெரியவளானதற்கு எடுத்த சாமத்திய வீட்டில் தொடங்கியது. சித்தி அம்மாவின் தங்கை. குண்டுவீச்சுகளுக்குத் தப்பிப் பிழைத்து, யுத்தம் முடிந்த மறு வருடம் வன்னியிலிருந்து தனியாக வந்து, கார்ஜ் என்ற புறநகரில் எங்களோடு இருந்தார். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. ஓய்வு நாட்களில் எங்கள் குடியிருப்புக்கு அப்பாலுள்ள வயலோரம் போய் நின்றுகொண்டே இருப்பார். திரும்பி வந்து, கீழே கார் நிறுத்துமிடத்தில் துணியை விரித்து வரைவார். என் மேடைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய வயல் அப்படித்தான் உருவானது. அம்மாவுக்கு அதில் அரைமனம். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

விழாவன்று மாமா மண்டபத்துக்கு வந்தார். அம்மாவின் அண்ணன், லா ஷப்பலில் கடை வைத்திருப்பவர். தாய்மாமன் என்பதால் அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். தங்கத் தூண்கள் வைத்த மாளிகைச் சோடனைக்குச் சொல்லி வைத்திருந்தார். வயலைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது.

"என்ன இது, ஒரு மனுசரும் இல்லை, மாடும் இல்லை, வெறும் வெளி. போட்டோ அல்பத்தை ஊருக்கு அனுப்பினால் சனம் என்ன சொல்லும்? கழட்டுங்கோ!"

பட்டுச்சேலையும் கனத்த பூச்சடையுமாக நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"சித்தி கீறினதைக் கழட்டினால் நான் மேடைக்கு வரமாட்டன்."

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அம்மா முதலில் கெஞ்சினார், பிறகு கிள்ளினார். நான் அசையவில்லை. இதற்குள் சோடனைக்காரர் ஏணியில் ஏறி ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். வயல் பாதி சரிந்து தொங்கியது.

சித்தி மாமாவுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, அங்கை வன்னியிலை வெளியைக் கண்டால் விழுந்து படுத்திடுவம். இஞ்சை நிண்டு பாத்தனான். அதைத்தான் கீறினனான்."

மாமா தானே ஏணியில் ஏறிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். இறங்கி வந்ததும், வயல் முழுவதும் படத்தில் விழவேண்டும் என்று படம்பிடிப்பவரை அதட்டினார்.

என் பிடிவாதத்துக்கு மாமாவே பணிந்துவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சித்தி சொன்னதும் என் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனால், இவ்வளவு அழகான வயலைக் கண்டால் ஒருவர் எதற்காக நிலத்தில் விழுந்து படுக்கவேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.