ஏழாம் கட்டிலின் உறை

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். நான் செய்தி எழுதிப் பிழைப்பவள். அந்த வெள்ளிக்கிழமை என் குறிப்பேட்டில் எழுதிய நேரங்களை அப்படியே தருகிறேன்.

பகல் 11.50. ஆலங்குடாவிலிருந்து என் தங்கை றிப்னாவை ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவள் வயிற்றில் இருபத்தொன்பது வாரப் பிள்ளை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு இறுகியது. டொக்டர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். வார்டில் நர்ஸ் வேலைக்கு ஒரு மிஸ்ஸி மட்டும்.

"பொய்வலி தங்கச்சி. வீட்ட போய் இஞ்சித் தண்ணி குடிங்க."

"இஞ்சிக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் றிப்னா, பல்லைக் கடித்தபடி.

ஒரு சோதனை இருக்கிறது. அதைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். பஞ்சுக்குச்சியால் உள்ளே தொட்டெடுத்தால் பத்து நிமிடத்தில் சோதனைப் பட்டையில் தெரியும். கோடு விழாவிட்டால் ஒரு வாரத்துக்குப் பெரும்பாலும் பயமில்லை. விழுந்தால் பிள்ளை முந்திப் பிறக்கக்கூடும். அதன் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். கையால் சோதித்த பிறகு எடுத்தால் முடிவை நம்பமுடியாது.

கேட்டேன்.

"அது வைக்கிற அலுமாரி பூட்டு. திறப்பு பெரிய மிஸ்ஸிட்ட. அவ லீவு. நான் கையால பார்த்துச் சொல்றன்."

கையுறை எடுக்கப் போனாள். ஒரு உயிரைப் பூட்டிவைத்துவிட்டு லீவில் போகிறார்கள்!

12.41. மின்சாரம் போனது. விசிறி நின்றது.

டப்... டப்...

தண்ணீர் சொட்டும் சத்தம். எதிரே ஏழாம் கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் செபமாலை. நனைந்த கவுன். காற்றே இல்லை. ஆனால் அவள் முடி அசைந்தது...

எழுந்து வந்தாள். பஞ்சுக்குச்சி வைத்த, ஒட்டுப் பிரிக்காத ஒரு சோதனை உறையை என் கையில் வைத்தாள். ஐஸ் போன்ற விரல்.

"கை வைக்க விடாதீங்க அக்கா. முதல்ல இது. எனக்கு எடுக்கவே இல்ல."

மிஸ்ஸி திரும்பி வந்தாள். உறையை நீட்டினேன். வெளிறிப்போனாள்.

"இது... எங்கால?"

"ஏழாம் கட்டில்."

திரும்பினேன்.

மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது.

தரை காய்ந்திருந்தது.

மிஸ்ஸி உறையைக் கிழித்தாள்.

சர்ரக்...

12.58. கோடு விழுந்தது.

ஊசி. அம்புலன்ஸ். ஞாயிறு விடிய 4.20க்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது. ஒரு கிலோ இருநூறு. அழுதது.

அந்த உறையை நான் எடுத்துவைத்திருந்தேன். அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தது: சுஜாந்தி, கட்டில் 7, பெப்ரவரி 20. மூன்று மாதத்துக்கு முந்திய தேதி. விசாரித்துக் கற்பிட்டிக்குப் போனேன். சுஜாந்தியின் புருஷன் பஸ்தியான், மீன்பிடிப்பவர், அவளுடைய ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டைக் காட்டினார். அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டவள், அன்றிரவே த்ரீவீலில் திரும்பி வரும் வழியில் இரத்தம் போய் இறந்தாள். பிள்ளையும்.

துண்டில் எழுதியிருந்தது: "சோதனை செய்யப்பட்டது. கோடு இல்லை."

பஸ்தியான் கேட்டார்: "செஞ்சிருப்பாங்கதானே, மிஸ்?"

அந்த உறை முதன்முதலாகக் கிழிந்த சத்தத்தை அந்த வெள்ளிக்கிழமைதான் நான் கேட்டிருந்தேன்.