நான் மாற்றிப் படித்த கடைசி அத்தியாயம்

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்துக் கண்புரை ஆபரேஷன் நடந்த அந்த இரண்டு மாதமும், ஞாயிறுதோறும் நாச்சாரத்திலிருந்து ஆட்டோ பிடித்துக் குஷாய்குடாவில் அம்மா வீட்டுக்குப் போவேன். அம்மாவுக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதையைப் படித்துக்காட்ட வேண்டும். வீட்டில் தங்கை இருந்தாள்தான். ஆனால் அவள் படித்ததெல்லாம் நாங்கள் ஹைதராபாத் வந்த பிறகு. தமிழ் புரியும், ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. திருநெல்வேலியில் பத்தாவது வரை படித்த என் தலையில்தான் அந்த வேலை விழுந்தது.

தங்கைக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்க்கும் தெலுங்குப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். நான் படிக்கும்போது அவளும் செல்போனை நோண்டிக்கொண்டே கட்டிலோரத்தில் உட்கார்ந்து கேட்பாள். அந்தக் கதையின் நாயகியும் வீட்டில் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனக்குப் பிடித்தவனோடு போனவள். ஆசைப்பட்டவளை இந்தக் கதைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். எனக்கும் ஒரு காலத்தில் ஒருவன்மேல் ஆசை இருந்தது. நான் வாயைத் திறக்காததற்கு அப்பா மட்டும் காரணமில்லை, இந்த மாதிரித் தொடர்கதைகளும்தான்.

நினைத்தபடியே நாயகியின் கணவன் லாரியில் அடிபட்டுச் செத்தான். நான் அவனைக் காயத்தோடு பிழைக்க வைத்தேன். அடுத்த வாரம் குழந்தை காய்ச்சலில் போயிற்று. வெறும் சளி என்று படித்தேன். கடைசி அத்தியாயத்தில் அவளே பெற்றோர் வீட்டு வாசலில் விஷம் குடித்துக் கிடந்தாள். நான் அவளுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொடுத்துச் சொந்த வீடும் கட்டிக்கொடுத்தேன். முடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது.

"எங்கயோ நல்லாருக்கட்டும்" என்றாள் அம்மா.

அடுப்படியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அம்மாவே நல்லாருக்கட்டும்னு சொல்லிட்டால்ல. வர்ற சண்டே நான் பேசிடறேன்."

கதை அப்படி முடியவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபோன் அடித்தாலே பதறினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பத்திரிகை. பழைய இதழ்களையெல்லாம் டீவிக்குக் கீழேயே போட்டுவிட்டுப் போயிருந்தேன், மடச்சி.

"ஏட்டி, இவ செத்துல்லா போயிருக்கா" என்றாள், குரலைத் தாழ்த்தி. "சின்னவளுக்காகத்தான் மாத்திப் படிச்சியா?"

தலையாட்டினேன்.

"யாரு பையன்?"

"கூட வேல பாக்கிறவன்மா. தெலுங்கு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அவன் யாரா இருந்தாலும் எனக்குப் பயம் இல்லட்டி. நாளைக்கி நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ. ஒண்ணும் ஆவாதுன்னு நீ படிச்சத சின்னவ நம்பிட்டாள்லா. தாங்குவாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கதைக்காரர்கள் பயம்காட்டி என்னை ஏமாற்றினார்கள் என்றால், நான் தைரியம் சொல்லித் தங்கையை ஏமாற்றியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத் தலையைத் துவட்டியபடி தங்கை உள்ளே வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, நீக்கு ஒக விஷயம் செப்பாலி" என்றாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம். மனதில் இருப்பதைச் சொல்வதென்றால் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

அம்மா பத்திரிகையை மடித்துத் தலையணைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"சொல்லு" என்றாள்.