லேமினேஷன் அக்காவின் உயில்

நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவளை நாங்கள் எல்லோரும் லேமினேஷன் அக்கா என்போம். கையில் ஒரு காகிதம் கிடைத்தால் போதும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெஷினில் விட்டுவிடுவாள். மகளின் மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை, மிக்ஸியின் உத்தரவாதச் சீட்டு என எதுவும் தப்பவில்லை.

"நல்லவேளை, உங்க வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரு. இல்லேன்னா அவரையும் உள்ள விட்டிருப்பீங்க" என்று சீண்டுவேன்.

"அவர் போகமாட்டார் சார், தொப்பை இடிக்கும்" என்பாள்.

என் வேலை நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து, சான்றாக ஏற்ற ஆவணங்களில் முத்திரை குத்தி எண் போடுவது. குத்துவேன், எழுதுவேன், வழக்குக் கட்டோடு சேர்ப்பேன். எதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது.

அக்காவின் அம்மா இறந்ததும் அண்ணன்காரன் அம்மாவின் வீட்டில் தனக்கும் பங்கு கேட்டு வழக்குப் போட்டான். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அக்கா. வீடு அவளுக்கே என்று அம்மா கைநாட்டு வைத்த உயில் அவளிடம் இருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் அந்தப் பெருவிரல் ரேகைதான். "அது எங்கம்மா ரேகையே இல்ல" என்று அண்ணன் கூண்டில் நின்று கூசாமல் சொன்னான்.

அக்கா உயிலை நீட்டினாள். பளபளவென்று லேமினேட் செய்திருந்தாள். அவளுடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூலப் பத்திரத்தப் போய் யாராவது இப்படிப் பண்ணுவாங்களாம்மா?"

"தண்ணி பட்டா மை போயிடுமேன்னு போட்டேன் சார்."

உயிலை அனுப்பியிருந்த ரேகை நிபுணரிடமிருந்து அறிக்கை வந்தது. சூட்டில் மை கசிந்திருக்கிறது, பிளாஸ்டிக்கை உரித்தால்தான் அம்மாவின் பழைய ரேகையோடு ஒப்பிட முடியும், உரிக்கும்போது சேதமாகலாம். ஒப்பிடாமல் உயிலை நம்ப முடியாது என்றார் நீதிபதி. உரிக்கச் சம்மதமா என்று யோசித்துச் சொல்லச் சொன்னார்.

இடைவேளையில் அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"உரிச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும் சார். மையும் கூடவே வந்துடும். எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு தப்பிக்கும்."

கடைக்கு வருபவர்களிடம் விலை சொல்லும் அதே குரல். அழுவாள் என்று பயந்துபோய் நின்றேன். அழவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். உள்ளே போய்ச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாய்தாவில் உயில் திரும்பி வந்தது. எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. கீழே, ரேகை இருந்த இடத்தில் மட்டும் காகிதம் வெள்ளையாகப் பிய்ந்திருந்தது. உரித்த பிளாஸ்டிக்கையும் தனியாக அனுப்பியிருந்தார்கள். அதன் உட்புறத்தில் திட்டுத்திட்டாக நீல மை. ஒப்பிட இயலவில்லை என்று ஒரே வரி எழுதியிருந்தது. அண்ணன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் தரப்பு ஆட்சேபணையைக் குறிப்பிட்டு இரண்டையும் பதிவில் சேர்க்கச் சொல்லிவிட்டு நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

அக்கா என் மேஜைக்கு வந்தாள்.

"வீடு போச்சு, இல்ல சார்?"

"தீர்ப்பு வரணும்" என்றேன். அப்புறம் மனசு கேட்காமல், "ஆமாக்கா" என்றேன்.

தலையசைத்தாள். "அந்த பிளாஸ்டிக்க மட்டும் எனக்குத் தருவீங்களா?"

"முடியாதுக்கா. அதுவும் இப்ப சான்று."

"சரி."

உயிலில் முத்திரை குத்தினேன். பிளாஸ்டிக்கில் முத்திரை மை ஒட்டவில்லை. அதனால் ஓர் உறையை எடுத்து, அதன்மேல் குத்தி எண் எழுதினேன். உறை சிறியது. பிளாஸ்டிக்கை இரண்டாக மடிக்கப் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மடிக்காதீங்க சார். அம்மா விரல் அதுல இருக்கு."